பூட்டிய அலமாரியும் பென்னலூர்த் தொழிலாளியும்

தில்லியிலிருந்து ஒரு சேதி வந்தது. நூலகத்தைப் பற்றிய சேதி. தேநீர்க் கடையிலோ, ஷிப்ட் மாறும் ஆலை வாசலிலோ அதைப் பற்றி யாரும் பேசி நாம் கேட்டதில்லை. பேசியிருக்க வேண்டிய சேதி என்பதால் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

2024 நவம்பர் 25ஆம் நாள் மத்திய மந்திரி சபை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்று அதற்குப் பெயர். உலகத்தின் 30 பெரிய பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சி ஏடுகளுக்கு, நாடு முழுமைக்கும் சேர்த்து சர்க்காரே சந்தா கட்டும். 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 6,300க்கு மேற்பட்ட அரசாங்கக் கல்வி நிலையங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் உள்ள சுமார் 1 கோடியே 80 லட்சம் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் இவற்றைப் படிக்கலாம்.

நல்ல காரியம்தான். நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. பெரிய பல்கலைக் கழகத்தில் கிடைக்கும் ஏடு சின்ன ஊரின் அரசுக் கல்லூரியில் கிடைக்காது என்றிருந்த நிலை மாறுவதை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் தோழர்களே, அந்த ஒரு கோடியே எண்பது லட்சத்தில் நீங்கள் இருக்கிறீர்களா?

பென்னலூரில் நின்று பாருங்கள். பெங்களூர் நெடுஞ்சாலை. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, மறு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், தெற்கே போனால் ஒரகடம். கம்பெனி பஸ்கள் வரிசை வரிசையாய்ப் போகின்றன. உள்ளே இருப்பவர்களில் ஐ.டி.ஐ. படித்தவர்கள் உண்டு, டிப்ளமோ வாங்கியவர்கள் உண்டு, பட்டதாரிகளும் உண்டு. கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், உலகம் முழுவதும் காதில் வைத்துப் பேசுகிற போனைச் செய்கிறார்கள். இவர்களில் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரியை விட்டு வெளியே வந்த நாளிலேயே நூலகத்தின் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டுவிட்டது. ஆராய்ச்சி ஏட்டில் ஒரு கட்டுரையைத் தனியாக விலை கொடுத்து வாங்க நினைத்தால் முப்பது டாலர், நாற்பது டாலர் என்று கேட்கிறார்கள். அது எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

“தொழிலாளிக்கு ஆராய்ச்சி ஏடு எதற்கு ஐயா? அவர் என்ன டாக்டர் பட்டமா வாங்கப் போகிறார்?” என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களுக்குச் சீன நாட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும்.

சுசோ என்பது சீனத்தின் தொழில் நகரம். நம் ஒரகடத்தைப் போல நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆப்பிள் கம்பெனிக்குத் தொடுதிரை செய்து கொடுத்த ஒரு தொழிற்சாலையில், திரையைத் துடைப்பதற்கு ஆல்கஹால் வைத்திருந்தார்கள். அது உலர நேரம் பிடிக்கிறது என்று சொல்லி, என்-ஹெக்சேன் என்ற திரவத்தைக் கொண்டுவந்தார்கள். சட்டென்று உலர்ந்துவிடும், ஒரு மணி நேரத்தில் இன்னும் நிறையத் திரை துடைக்கலாம். 2009ஆம் ஆண்டில் துடைத்தவர்களுக்குக் கை மரத்தது. கால் தள்ளாடியது. நடக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 137 பேர் என்று 2011இல் ஆப்பிள் கம்பெனியே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

இதில் நம் நெஞ்சைச் சுடுவது எது தெரியுமா? என்-ஹெக்சேன் நரம்பைக் கெடுக்கும் என்பது அன்று கண்டுபிடித்த விஷயமல்ல. ஜப்பானில் வீட்டில் உட்கார்ந்து பசை தடவிச் செருப்பு ஒட்டிய ஏழைகளுக்கு இதே நோய் வந்து, டாக்டர்கள் ஆராய்ந்து, 1960களிலேயே மருத்துவ ஏடுகளில் எழுதிவிட்டார்கள். அந்த ஏடுகள் உலகத்தின் பல்கலைக் கழக அலமாரிகளில் பத்திரமாக இருந்தன. அலமாரிக்கும் சுசோ தொழிலாளியின் கைக்கும் நடுவே நாற்பது ஆண்டு இடைவெளி. ஏழையின் உடம்பிலிருந்து எடுத்த அறிவு இன்னோர் ஏழையின் உடம்பைக் காக்கப் போய்ச் சேரவில்லை.

நம் வட்டாரத்து ஆலை எதையும் சுட்டி இதைச் சொல்லவில்லை. தன் கையில் படுகிற திரவம் என்ன, அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஒரு தொழிலாளி விரும்பினால் அவர் எங்கே போவார் என்பதுதான் நம் கேள்வி. டப்பாவின் மேல் ஒட்டியிருப்பதோ பொடி எழுத்தில் ஆங்கிலம்.

இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே விடை தேடியவர் ஒருவர் இருந்தார். 1923 மே மாதம் முதல் நாள், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடினார். அடுத்த ஜனவரியில், 1924இல், சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு ஒரு நூலகர் நியமிக்கப்பட்டார். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன். இருவருக்கும் சம்பந்தம் எதுவும் இருந்ததாக நாம் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒரே ஊரில், சில மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் நாம் சேர்த்தே நினைக்கிறோம்.

ரங்கநாதனுக்கு ஆரம்பத்தில் நூலக வேலை பிடிக்கவில்லை. வருவோர் இல்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருப்பதா என்று பழைய வாத்தியார் வேலைக்கே திரும்பத் துடித்தார். பிறகு லண்டனுக்குப் படிக்கப் போனார். அந்த நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். எல்லா வகுப்பு மக்களும் நூலகத்துக்குள் வந்து போவதைக் கண்டார். திரும்பி வந்த மனிதர் வேறு மனிதர். நூல் என்பது பயன்பாட்டுக்கு. பூட்டி வைப்பதற்கல்ல என்றார். அலமாரிகளைத் திறந்துவிட்டு, வாசகர் தாமே போய் எடுத்துப் பார்க்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளை உலகமே பாடமாகப் படிக்கிறது. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது அவற்றில் ஒன்று. 1936இல் மெரினாவை ஒட்டிப் பல்கலைக் கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டிடம் எழுந்தபோதும் அவரே நூலகர்.

அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற எஞ்சினியர் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் வர முடியாவிட்டால் நூல் போகட்டும் என்று அன்றைக்கு மாட்டுக்கே தெரிந்திருந்தது!

அந்தத் தலைமுறையின் உழைப்பால்தான் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம் நம்முடையது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரி. அன்றைக்கு ரூபாய்க்கு அரையணா. இன்றைக்கு ரூபாய்க்கு 10 காசு. “எனக்கு ஏது சொத்து, நான் ஏது வரி கட்டுகிறேன்?” என்று கேட்காதீர்கள். ஓர் அறையில் ஆறு பேராகப் படுத்துக்கொண்டு மாதாமாதம் கொடுக்கிறீர்களே வாடகை, அதற்குள்ளே அந்தப் பத்துக் காசு ஒளிந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் கையால் கட்டுகிறார். நீங்கள் உழைப்பால் கட்டுகிறீர்கள். அந்த 6,000 கோடியும் பொதுப் பணம். சோப்பு வாங்கும்போதும் ரீசார்ஜ் செய்யும்போதும் நீங்கள் கொடுத்த வரி அதில் இருக்கிறது.

எனவே நாம் கேட்பது தர்மமல்ல. பிரிட்டனில் 2014இல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். பொது நூலகத்துக்குள் நடந்து வருகிற எவரும், அங்கேயுள்ள கணிப்பொறியில் ஆராய்ச்சி ஏடுகளைக் காசில்லாமல் படிக்கலாம் என்று பதிப்பகங்களே இசைந்தன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 6,000 கோடி ரூபாய்ச் சரக்கு வாங்குகிறவர், “எங்கள் பொது நூலகங்களையும் சேர்த்துக்கொள்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லக் கூடாதா? முதற் கட்டத்தில் அரசாங்க நிலையங்கள் என்று வகுத்தவர்கள், அடுத்த கட்டத்தைப் பற்றி யோசிக்கும்போது ஸ்ரீபெரும்புதூரை நினைக்கட்டும்.

வல்லம் வடகாலில் தமிழக அரசு 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தது. பாராட்டத்தக்கது. 18,720 கட்டில் என்றால் அது ஒரு பல்கலைக் கழகத்தின் மாணவர் தொகை. பல்கலைக் கழகத்துக்கு என்ன நூலகம் வேண்டுமோ அந்த நூலகம் அந்த வட்டாரத்துக்கும் வேண்டும். அதுவும் தமிழில் எடுத்துச் சொல்லத் தெரிந்த நூலகரோடு.

நேரமும் வேண்டும். ஆலைகளில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டதும் நினைவிருக்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் கண்ணுக்கு எழுத்து தெரியாது, தூக்கம்தான் தெரியும்.

கேட்டது கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. இப்போதே திறந்திருக்கும் கதவுகள் சில உண்டு. நாட்டின் பல்கலைக் கழகங்களில் எழுதப்பட்ட லட்சக்கணக்கான ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். தொழிலாளர் உடல்நலம் பற்றியவையும் அவற்றில் உண்டு. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. கையிலே இருக்கும் போன், நம் தோழர்கள் செய்த போன், அதற்குப் போதும். ஆங்கிலம் தெரிந்த தோழர் படித்து, தெரியாத தோழருக்குச் சொல்லட்டும். கீற்றுக் கொட்டகைப் படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்க இருபது பேர் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

பென்னலூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது, முதல் ஷிப்ட் விட்டு வருகிறவர் போய்ச் சேர முடிகிறதா, இரவு ஷிப்ட்காரருக்கு எந்த நேரம் தோது, கணிப்பொறி இருக்கிறதா என்று விசாரித்து ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஊர் ஊராக அதை வெளியிடுவோம். பிறகு அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்து மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்கப் போவோம்.