சீலியாக் நோயுள்ள பிள்ளை பள்ளியில் பின்தங்க வேண்டியதில்லை

தோணிரேவு முதலான பழவேற்காடு ஏரியோரக் கிராமங்களிலிருந்து குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோர் பலர், முதலில் சொல்வது பள்ளிக்கூடத்தைப் பற்றிய கவலையே. நன்றாகப் படித்த பிள்ளை வகுப்பில் தலைசாய்த்து விடுகிறாள். மாதத்தில் பல நாள் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கி விடுகிறாள். வரிசையில் எப்போதும் முதலில் நிற்கும் அளவுக்கு உயரம் குறைவு. இவற்றிற்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, குடற்புழு, போதிய உறக்கமின்மை போன்ற பொதுவான காரணங்களே இருக்கும். அரிதாகச் சிலருக்குச் சீலியாக் நோய் காரணமாகிறது. அரிதானது என்பதாலேயே அது பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போகிறது.

நோய் என்ன செய்கிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உள்ளது. மரபுவழியாகச் சார்புள்ள சிலரின் உடலில், இப்புரதத்தைக் கண்டதும் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்துக்களை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. பிள்ளை வயிறார உண்டாலும் இரும்பு, ஃபோலிக் அமிலம், சுண்ணாம்புச் சத்து முதலியன உடலில் போதுமான அளவு சேர்வதில்லை. இது உண்டவுடன் தடிப்பை உண்டாக்கும் ஒவ்வாமை அன்று. பிறருக்குத் தொற்றும் நோயும் அன்று.

லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ 1888ஆம் ஆண்டு இந்நோயைத் தெளிவாக விவரித்தார். எனினும் காரணம் கோதுமை என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். 1944–45ஆம் ஆண்டின் போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியபோது மீண்டும் நலிந்ததும், அவர் முன்பே கொண்டிருந்த ஐயத்திற்கு வலுச் சேர்த்தன.

நம் ஊரில் ஏன் அரிது?

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. பெரியவர்களிடையே நடத்தப்பட்ட அவ்வாய்வில், வட இந்தியாவில் ஆயிரத்தில் ஏறத்தாழ 12 பேருக்கும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குமே இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறு இரு பகுதிகளிலும் மூவரில் ஒருவருக்கு மேல் இருந்தது. நாளொன்றுக்கு வடக்கே 455 கிராமும் தெற்கே 25 கிராமும் கோதுமை உண்ணப்பட்டது. உணவு வேறுபாடு மட்டுமே முழு விளக்கம் ஆகாது; எனினும் அது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. சோறும் மீனும் உண்ணும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்நோய் வரவே வராது என்று கொள்ள இயலாது. காலையில் தேநீருடன் பொறை, இடைவேளையில் பிஸ்கட், மாலையில் பரோட்டா என்று கோதுமை இன்று எல்லா வீட்டிலும் நுழைந்துள்ளது.

வகுப்பறையில் தெரியும் அறிகுறிகள்

வயிற்றுப்போக்கும் வயிறு உப்புதலும் எல்லாப் பிள்ளைகளிடமும் தோன்றுவதில்லை. சிலருக்கு மலச்சிக்கலே இருக்கும். களைப்பு, எரிச்சல், கவனக்குறைவு, வெளிறிய முகம், அடிக்கடி வாய்ப்புண், வயதுக்கேற்ற வளர்ச்சியின்மை ஆகியவையே முன்னிற்கலாம். இரத்தசோகையுள்ள பிள்ளைக்குப் பாடத்தில் மனம் ஊன்றுவது கடினம். அதனைச் சோம்பல் என்று கண்டிப்பது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும் பிள்ளை தவறாமல் உட்கொள்ளட்டும். மருத்துவர் தந்த முழு அளவு இரும்பு மருந்தை உரிய காலம் கொடுத்த பின்னும் இரத்தசோகை தீராவிட்டால், அல்லது உயரமும் எடையும் தேங்கி நின்றால், சீலியாக் சோதனை தேவையா என்று கேளுங்கள். முதல்வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கும், இந்நோயாளரின் உடன்பிறந்தோருக்கும் வாய்ப்பு கூடுதல்.

சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாயின் இதனை வையுங்கள். முதற்சோதனை, குளூட்டனால் தூண்டப்படும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடுவதாகும். தேவைப்பட்டால் உள்நோக்குக் கருவி வழியே சிறுகுடலிலிருந்து மிகச்சிறு திசு எடுத்துப் பார்க்கப்படும். யாரோ சொன்னார் என்று முன்னரே கோதுமையை நிறுத்தி விட்டால், எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும். நோய் இல்லாத பிள்ளையோ காரணமின்றி வாழ்நாள் முழுதும் உணவைத் துறக்க நேரும்.

பள்ளி உணவு: மதியத்தைவிடக் காலையில் கவனம்

நோய் உறுதியானால் மருந்து ஒன்றே: குளூட்டன் அறவே இல்லாத உணவு, வாழ்நாள் முழுதும். ‘கொஞ்சம்தானே’ என்பது இதில் இல்லை. வட மாநிலப் பெற்றோருக்குப் பெரும் போராட்டமாகும் இவ்வுணவு, நமக்கு ஓரளவு எளிது. நியாயவிலைக் கடை அரிசி, பருப்பு, கேழ்வரகு, கம்பு, மீன், இறால், நண்டு, முட்டை, காய்கறி அனைத்தும் இயல்பாகவே குளூட்டன் அற்றவை. விலையுயர்ந்த பொட்டல உணவுகள் தேவையில்லை.

சத்துணவுக் கூடத்தின் மதிய உணவு சோறும் முட்டையுமாக இருப்பதால் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை கிச்சடி ஆகியவையும் உள்ளன. ரவையும் சேமியாவும் கோதுமையே என்பதைப் பலர் அறியார். அந்நாட்களில் பிள்ளைக்கு வீட்டிலிருந்து இட்லியோ பொங்கலோ கொடுத்தனுப்புங்கள். வெண்பொங்கல் நாட்களில் சமையலரிடம் பேசி, தனிக் கரண்டியால் பரிமாறச் செய்யுங்கள். அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை உண்டு. தம்பி தங்கைக்குத் தரும் உருண்டையை இப்பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மறைந்திருக்கும் இடங்கள் வேறு சில:

• கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.
• பல மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் உள்ளன.
• கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்த அரிசி மாவில் அது கலந்து விடும். அரிசியை வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது.
• சப்பாத்தி சுட்ட கல்லும், மைதா தோய்த்து மீன் பொரித்த எண்ணெயும் ஆகா.
• கைவினை வகுப்பின் மைதாப் பசையைத் தொடுவதால் தீங்கில்லை. உண்ணுமுன் கை கழுவினால் போதும்.

பொட்டல உணவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட, இந்திய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தல் கூடாது.

ஆசிரியரிடம் என்ன சொல்வது?

தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், சமையலர் மூவரிடமும் மருத்துவரின் கடிதத்தைக் கொடுங்கள். உண்ணக்கூடியவை, கூடாதவை என இரு பட்டியல்கள் அதில் இருக்கட்டும். கழிப்பறைக்குச் செல்லக் கேட்டால் தடுக்க வேண்டாம் என்றும், விடுப்பில் விட்ட பாடத்தைத் திருப்பிச் சொல்லித் தருமாறும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்தநாளில் பிஸ்கட்டும் கேக்கும் பகிரப்படும்போது பிள்ளை கைகட்டி நிற்க வேண்டாம். கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று ஆசிரியரிடம் முன்கூட்டியே இருந்தால் போதும். எல்லோருடனும் ஒரே பந்தியில் அமர்ந்து, தன் தட்டில் தனக்கானதை உண்ணட்டும். நண்பர்களிடமிருந்து வேறுபட்டுத் தெரியும் கூச்சத்தாலேயே வளரிளம் பருவத்தினர் பலர் பத்தியத்தைக் கைவிடுகின்றனர்.

எப்போது தேறும்?

சரியான உணவு தொடங்கிய சில வாரங்களில் பசியும் உற்சாகமும் திரும்புவதைப் பெரும்பாலான பெற்றோர் காண்பர். இரும்புச்சத்து நிரம்பச் சில மாதங்களும், உயரம் ஈடாக ஓரிரு ஆண்டுகளும் ஆகலாம். மதிப்பெண் அதற்கும் பிந்தி உயரலாம். விட்டுப்போன பாடங்களின் இடைவெளியை உணவு மட்டும் நிரப்பாது, பொறுமையான கற்பித்தலும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வளர்ச்சியையும் இரத்தத்தையும் சோதிக்க வாருங்கள்.

இந்நோய் பிள்ளையின் அறிவைக் குறைப்பதில்லை. காலத்தில் கண்டறிந்து, உணவைச் சரியாகக் காத்தால், உடன் படிக்கும் பிள்ளைகளைப் போலவே படிக்கவும் விளையாடவும் உயர்கல்விக்குச் செல்லவும் இயலும். வகுப்பில் தொடர்ந்து தளர்ந்து விழும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.