வட்டும் படமும் – 9: எழுத்து எங்கே உட்கார வேண்டும்?

சத்யஜித் ராயின் 'சாருலதா'வுக்குத் (1964) தமிழில் சப்டைட்டில் வசனம் எழுதி, நேரம் குறித்து, எஸ்.ஆர்.டி. கோப்பாக வைத்திருக்கிறோம். இனி அதை டி.வி.டி.யோடு சேர்க்க வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுப் படத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

பழைய வீடியோ சி.டி.யில் வேறு வழி இருக்கவில்லை. எம்பெக்-1, 352-க்கு 288 புள்ளிகள். சப்டைட்டிலுக்கென்று தனி இடம் கிடையாது. எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்து, முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்தாக வேண்டும். டி.வி.டி. அப்படியல்ல. படம், ஒலி, சப்டைட்டில் மூன்றும் தனித்தனியாக ஓடுகின்றன. 32 சப்டைட்டில் வரை வைக்கலாம். வேண்டாதவர் ரிமோட்டில் நிறுத்திக்கொள்ளலாம். அப்படியிருக்க, படத்தை ஏன் தொட வேண்டும்?

'சாருலதா'வின் தொடக்கத்தைப் பாருங்கள். சாரு கையில் சிறு தொலைநோக்கிக் கண்ணாடியோடு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவை வேடிக்கை பார்க்கிறாள். பல நிமிடங்களுக்கு வசனமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் எழுத்தைப் பதிக்கப் போனால் இந்தக் காட்சியும் சேர்ந்து மறுபடி அழுத்தப்படும். ஜன்னல் சட்டங்களின் மெல்லிய கோடுகள் குழம்பும். நிழல் விழுந்த மூலைகள் கட்டம் கட்டமாக உடையும். வட்டுக்கு வந்தபோதே ஒரு முறை சுருங்கிய படம் அது. இன்னொரு முறை இழப்பதைத் திரும்பப் பெற முடியாது.

டி.வி.டி.யின் சப்டைட்டில் எழுத்தாக அல்ல, நான்கு நிறத்துக்குள் அடங்கும் சிறு படங்களாகவே பதிவாகிறது. தமிழுக்கு இது பெரிய வசதி. பிளேயருக்குத் தமிழ் எழுத்துரு தேவையில்லை. அந்தப் படங்களை உருவாக்கும் மென்பொருளுக்குத்தான் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அடுத்துக் கொம்பு என்ற வரிசையில் இருக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியாத மென்பொருளில் அது பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 'கொடு', 'போனாள்', 'கையில்' எல்லாம் வருகிற ஒரு சிறு துண்டை முதலில் சோதித்துவிடுங்கள். கோப்பு யூ.டி.எஃப்-8 ஆக இருக்கட்டும்.

படங்கள் சரியாக வந்துவிட்டால் டி.வி.டி.ஆத்தர் மென்பொருள் தொகுப்பிலுள்ள ஸ்பூமக்ஸ், காட்சியைத் தொடாமலே அவற்றைச் சேர்த்துவிடும். கணினியில் மட்டும் பார்ப்பதானால் எம்.கே.வி.டூல்நிக்ஸ் மென்பொருள் போதும், எஸ்.ஆர்.டி. அப்படியே எம்.கே.வி. கோப்புக்குள் போகும், பிழை கண்டால் பிறகு திருத்தலாம்.

வீட்டு டி.வி. தமிழ் சப்டைட்டிலைக் காட்டவே மறுக்கிறது என்றால் மட்டும் எழுத்தைப் படத்தின் மேல் பதியுங்கள். அதற்கு ஹேண்ட்பிரேக் மென்பொருளில் தர எண்ணை 18-க்கும் 22-க்கும் நடுவில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் கூடும், கோப்பும் பெரிதாகும்.

எந்த வழியானாலும், சேர்ப்பதற்கு முன் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டத்தில் எடுத்த படம் பால் (PAL) முறை வட்டில் பெரும்பாலும் 25-ஆக ஓடும். இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். 24-க்கு எழுதிய வசனம் தொடக்கத்தில் பொருந்தி, கடைசியில் ஐந்து நிமிடம் வரை பிந்தும். மொத்தமாக முன்னே தள்ளினால் தொடக்கம் கெடும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் சட்ட வேகத்தை 24-லிருந்து 25-க்கு மாற்றி, முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

(தொடரும்)