சித்திரையில் திகட்டிய வாசனையை மார்கழியில் எடுத்துப் பாருங்கள்

வெளிர் ரோஸ் நிறப் பாட்டிலில் வரும் ‘யாரா’ பெர்ஃப்யூமை வெயில் காலத்தில் வாங்கி, இரண்டு நாள் போட்டுவிட்டு, தலைவலிக்கிறது என்று பீரோவில் வைத்துவிட்டவர்கள் அதை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் லட்டாஃபா நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த வாசனை இது. முதலில் டேஞ்சரின் ஆரஞ்சும் பூ வாசமும் வரும். நடுவில் வெப்பமண்டலப் பழங்களும் மிட்டாய் இனிப்பும், கடைசியில் வெனிலாவும் சந்தனமும் மஸ்க்கும். பேர்பெற்ற ஐரோப்பிய பாட்டில்களோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. சித்திரையில் இது திகட்டுகிறது என்று சொன்னவர்கள் சொன்னது சரி. மார்கழியில் இதமாக இருக்கிறது என்பதும் சரிதான். பாட்டில் அதேதான், மாறியது காற்றின் சூடு.

பெர்ஃப்யூம் என்பது ஆல்கஹாலில் கரைத்த வாசனைப் பொருட்கள். அவை எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை வாசம் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். வெனிலா வாசத்துக்குக் காரணமான வெனிலின் மெதுவானது. காகிதத்தில் தெளித்தால் நாள்கணக்கில் நிற்கும். ஏப்ரல் மதியம், பனியன் கம்பெனியின் தகரக் கூரைக்குக் கீழே, அயர்ன் பாக்ஸ் ஆவியும் சேர்ந்த இடத்தில் உடம்புச் சூட்டுக்கு எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். பழ வாசம் சீக்கிரம் ஓடிவிடும், இனிப்பு மட்டும் வியர்வையோடு கலந்து மூக்கை அடைக்கும். மார்கழி விடியலில் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கும்போது நிலைமை வேறு. குளிரில் ஆவியாவது மெதுவாவதால் பழம் இன்னும் கொஞ்சம் தங்கும், இனிப்பு உடம்பை ஒட்டியே இருக்கும்.

இவ்வளவு இனிப்பு எப்படி இந்த விலைக்குக் கிடைக்கிறது? இந்த வகை வாசனைகளின் முதுகெலும்பு ஆய்வுக்கூடத்தில் செய்த பொருட்கள். வெனிலினை ஜெர்மன் வேதியியலாளர்கள் 1874-இலேயே செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். அசல் வெனிலா காய் அப்படியல்ல. பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்த்து, காயை மாதக்கணக்கில் பதப்படுத்த வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் விலை ஏறியபோது நம் பக்கத்துப் பொள்ளாச்சியிலும் வெனிலாக் கொடி நட்டார்கள். விலை சரிந்ததும் பலர் கைவிட்டார்கள். பஞ்சுமிட்டாய் வாசத்தைத் தருவது எத்தில் மால்டால் என்ற பொருள். 1992-இல் டியரி முக்லரின் ‘ஏஞ்சல்’ அதைத் தாராளமாகச் சேர்த்து, தின்பண்டம்போல் மணக்கும் பெர்ஃப்யூம் என்ற வகையையே நிலைநிறுத்தியது. பீச் பழ வாசத்துக்கு லாக்டோன்கள் என்ற பொருட்கள். 1919-இல் வந்த கெர்லானின் ‘மிட்சுகோ’ அந்த வாசத்தால் புகழ்பெற்றது.

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயின் வாசமும் அதே லாக்டோன் குடும்பம்தான். பனிக்காலத்தில் தோல் வறண்டிருக்கும், வறண்ட தோலில் பெர்ஃப்யூம் நிற்காது. குளித்ததும் துளி எண்ணெய் தடவி, அது ஊறிய பிறகு பெர்ஃப்யூம் போட்டால் கூடுதல் நேரம் நிற்கும். பழ வாசத்தோடு தேங்காய் வாசம் சண்டையும் போடாது. எனக்கு இந்தச் சேர்க்கை மிகவும் பிடிக்கும்.

பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வெனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும். வெனிலா அதிகமுள்ள பெர்ஃப்யூம் பாட்டிலுக்குள்ளேயே நிறம் கூடுவதும் அதனால்தான்; நிறம் மாறியதாலேயே கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். ஆனால் அதே பழுப்பு வெள்ளைத் துணியில் கறையாக விழும். எக்ஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்கு ‘பினாலிக் யெல்லோயிங்’ நன்றாகத் தெரியும். பேக் செய்தபோது பளீரென்று இருந்த வெள்ளை டி-ஷர்ட், பெட்டியைத் திறக்கும்போது மஞ்சளாக இருக்கும். பாலிபேக்கில் சேர்க்கும் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுயீன் என்ற பாதுகாப்புப் பொருளும், வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்வது இதற்கு முக்கியக் காரணம். இதைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்18 என்று தனி டெஸ்ட்டே இருக்கிறது. அந்தப் பாதுகாப்புப் பொருளைப் போலவே வெனிலினும் ஒரு பினால்தான். பல பெர்ஃப்யூம் அட்டைகளைத் திருப்பிப் படித்தால் பாலிபேக்கில் இருக்கும் அதே பாதுகாப்புப் பொருளின் பெயரும் இருக்கும். ஆகவே துணிமேல் தெளிக்காமல் தோலில் போடுங்கள். செக்கிங், பேக்கிங்கில் இருப்பவர்கள் மணிக்கட்டில் போடவே வேண்டாம். நாள் முழுக்க பீஸைத் தொடும் கை அது. காதுக்குப் பின்னால், கழுத்தின் பக்கவாட்டில் போட்டால் போதும்.

இரண்டு ஸ்ப்ரேக்கு மேல் வேண்டாம். ஒன்றரை ஷிப்ட் முடியும்வரை நிற்கட்டும் என்று ஐந்தாறு முறை அடிப்பவர்கள் உண்டு. நம் மூக்கு ஒரு வாசத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். நமக்குத் தெரியாமல் போனாலும் அடுத்த மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். கண்ணாடி மூடிய வேனில் ஒற்றைத் தலைவலிக்காரர் ஒருவர் இருந்தாலும் அவர் பாடு கஷ்டம்.

வாங்கும்போது அட்டையில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக விற்கும் பெர்ஃப்யூம்களுக்கெல்லாம் போலி உண்டு. கடையில் டெஸ்டர் இருந்தால் கையில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் கழித்து முகர்ந்து முடிவெடுங்கள். முதல் ஐந்து நிமிட ஆரஞ்சு வாசத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். தகரக் கூரை வீட்டில் ஜன்னலோரம் வைத்தால் வெயில் காலத்துக்குள் வாசம் கெட்டுப்போகும், பீரோவின் கீழ்த்தட்டுதான் அதற்கு இடம்.

இனிப்பு வாசமே ஆகாதவர்களுக்குக் குளிரும் உதவாது, அவர்கள் இதைத் தவிர்க்கலாம். மற்றவர்களுக்கு, கார்த்திகையிலிருந்து தை முடியும்வரை யாரா கொடுத்த காசுக்கு நிறைவான வாசனை. மாசியில் வெயில் ஏறியதும் எலுமிச்சை, வெட்டிவேர் பக்கம் மாறிக்கொள்ளுங்கள்.