முதல் கேமிங் கணினி: யாழ்ப்பாணத்தில் காசு எங்கே போக வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் சொந்தமாக ஒரு கேமிங் கணினி பூட்ட நினைக்கும் இளைஞர்கள் கடையில் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட் பற்றியதுதான். என்ன கார்ட், எத்தனை ஜி.பி, என்ன விலை? சேர்த்து வைத்த காசில் பெரும்பங்கு அதற்குப் போய்விட, மிஞ்சியதில் மதர்போர்டும் ராமும் வாங்கப்படும். பவர் சப்ளையை யாரும் கேட்பதில்லை. கேசிங்கோடு சேர்ந்து வரும் ஏதோ ஒன்றோடு காரியம் முடிந்துவிடும். ஆனால் மற்ற எல்லாப் பாகங்களின் ஆயுளும் அந்தக் கேட்காத பெட்டியில்தான் தங்கியிருக்கிறது. குடாநாட்டில் இன்னும் அதிகமாக.

மின்சாரத்தை நம்பி இருக்க முடியாது என்பது இங்குள்ள வீடுகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. பல ஆண்டுகள் தேசிய மின்வலையிலிருந்து அறுபட்டுக் கிடந்த குடாநாடு, கிளிநொச்சி – சுன்னாகம் மின்பாதை வந்த பிறகு 2013இல்தான் மீண்டும் அதனோடு இணைந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் முழு இலங்கையும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியது. திட்டமிட்ட மின்வெட்டுகள் நின்று போயிருந்தாலும், மழைக்காலத்தில் சட்டென்று போய்வரும் கரண்ட் நிற்கவில்லை.

ஆகவே கணக்கை மின்சாரத்திலிருந்து தொடங்குவதே புத்தி. ஏ.எம்.டி ரைசன் 5 5600 என்ற ஆறு கோர் புரொசசர் உச்சமாக இழுப்பது 76 வாட் அளவு. ஆர்.எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டுக்கு 132 வாட். மதர்போர்ட், ராம், எஸ்.எஸ்.டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 வாட் என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 260 வாட். தரமான 550 வாட் பவர் சப்ளை இதைப் பாதிச் சுமையில் தாங்கும். பின்னாளில் கொஞ்சம் பெரிய கார்ட் போடவும் இடம் இருக்கும். ‘தரமான’ என்பதை எப்படி அறிவது? பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலைப் பார்க்க வேண்டும். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அங்கிருந்துதான். அதில் 45 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்க 540 வாட் வரும். அது உண்மையான 550 வாட் பெட்டி. மேலே 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டு, 12 வோல்ட் நிரலில் 18 ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால் கிடைப்பது 216 வாட். மேலே சொன்ன கணினிக்கு அது காணாது. ‘80 பிளஸ் புரொன்ஸ்’ போன்ற திறன் முத்திரையும், மூன்று ஆண்டுக்குக் குறையாத உத்தரவாதமும் இருந்தால் நல்லது.

அடுத்தது யூ.பி.எஸ். அதில் எழுதியிருக்கும் 650 வி.ஏ என்பது 650 வாட் அல்ல. அத்தகைய கருவிகள் பெரும்பாலும் தாங்குவது 360 முதல் 390 வாட் வரைதான். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி இருந்தால் அதில் சேமித்திருப்பது வெறும் 84 வாட்-மணி. விளையாட்டின் நடுவே கரண்ட் போனால் சில நிமிடங்களே கிடைக்கும். சேமித்து முறையாக நிறுத்துவதற்கு அது போதும்; தொடர்ந்து விளையாடப் போதாது. வோல்டேஜ் ஏறி இறங்குவதைச் சமன்செய்யும் வசதியும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான சில யூ.பி.எஸ்களின் கரடுமுரடான மின்அலையை நவீன பவர் சப்ளைகள் ஏற்காமல் கணினி அணைந்துவிடுவதும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கடையிலேயே பிளக்கைக் கழற்றிச் சோதித்துப் பார்த்துவிடலாம். வீட்டுச் சுவரில் எர்த் இணைப்புள்ள மூன்று பின் பிளக் பொயின்ட் இருக்கிறதா என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

மின்சாரத்துக்கான காசை ஒதுக்கிய பிறகு, மிச்சத்தைத் திரையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 1080பி மொனிட்டரில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. 1440பி மொனிட்டரில் 36 இலட்சத்து 86 ஆயிரத்து 400; 4கே திரையில் 1080பியைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு நொடியும் அறுபது தடவையோ அதற்கு மேலோ இத்தனை புள்ளிகளையும் வரைவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. குறைந்த செலவில் முதற்கணினி பூட்டுபவருக்கு 1080பி தாராளம்.

என்ன விளையாடப் போகிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வலோரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகள் பழைய, சிறிய கார்டுகளிலும் ஓடும்படி எழுதப்பட்டவை. 2019இல் வந்த 4 ஜி.பி ஜி.டி.எக்ஸ் 1650கூட அதற்குப் போதும். பெரிய திறந்தவெளி விளையாட்டுகளுக்கு 4 ஜி.பி நினைவகம் இன்று தடுமாறும், 8 ஜி.பி உள்ள கார்டையே தேட வேண்டும். 2021இல் வந்த ஆர்.எக்ஸ் 6600, 2023இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 4060 இரண்டும் அந்த வகை. பின்னையதற்கு வேண்டியது 115 வாட் மட்டுமே. குறைவாக இழுக்கும் கார்ட் யூ.பி.எஸ்ஸுக்கும் மின்கட்டணத்துக்கும் நல்லது.

பாவித்த கார்டுகள் மலிவு. ஆனால் அவற்றில் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் இயங்குமுறையை மாற்றியதும் கிராபிக்ஸ் கார்ட் கொண்டு அந்த நாணயத்தை ‘தோண்டும்’ தொழில் ஒரேயடியாக நின்றது. அதற்காக இரவுபகலாக ஓடிய ஏராளமான கார்டுகள் பல நாடுகளின் பாவித்த பொருட் சந்தைகளில் வந்து குவிந்தன. அப்படிப்பட்ட கார்ட் வாங்கவே கூடாது என்றில்லை. அரைமணி நேரமாவது கனமான விளையாட்டு ஒன்றை ஓடவிட்டு, வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் பார்த்த பிறகு காசு கொடுக்கலாம். ஆர்.எக்ஸ் 580 என்ற பெயரிலேயே ‘2048எஸ்.பி’ என்ற குறைந்த வலுவுள்ள இன்னொன்றும் உண்டு. பெயரை முழுதாக வாசிக்காதவர் ஏமாந்து போவார்.

புரொசசர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெலின் ஐ3-12100எஃப் போன்றவற்றில் ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் வசதி இல்லை. தனிக் கார்ட் இல்லாமல் திரையில் எதுவும் வராது. ஏ.எம்.டி ரைசன் 5 5600ஜியில் உள்ள ‘ஜி’ கிராபிக்ஸ் உள்ளடங்கியதைக் குறிக்கும். கையில் காசு குறைவானவர் முதலில் 5600ஜியோடு கணினியைப் பூட்டி, இலகுவான விளையாட்டுகளை விளையாடிக்கொண்டே ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ கார்டைச் சேர்க்கலாம். பாதிக் கணினியை வாங்கி மூலையில் வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதற்கு ஒரு விலையும் உண்டு: 5600இல் 32 எம்.பி இருக்கும் எல்3 காஷ் நினைவகம் 5600ஜியில் 16 எம்.பிதான். பின்னாளில் நல்ல கார்ட் போட்டாலும் வேகம் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

இந்த இரண்டும் அமரும் ஏ.எம்4 சொக்கெட்டில் 2017இல் முதல் ரைசன்கள் வந்தன. 2022இல் வந்த ஏ.எம்5 புதியது, டி.டி.ஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். வருங்காலத்துக்கு ஏ.எம்5 நல்லது என்பது சரியான பேச்சுத்தான். ஆனால் செயற்கை நுண்ணறிவுத் தரவுமையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025இன் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் தாறுமாறாக ஏறியது. ராம் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துத்தான் சொக்கெட்டைத் தெரிவு செய்ய வேண்டும். எதுவானாலும் 16 ஜி.பியை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி துண்டுகள் இரண்டாக வாங்குவது வேகத்துக்கு நல்லது. கார்ட் இல்லாமல் தொடங்குபவருக்கு இது கட்டாயம், ஏனென்றால் உள்ளடங்கிய கிராபிக்ஸ் அந்த ராமையே தன் நினைவகமாகப் பாவிக்கிறது.

எங்கே வாங்குவது? கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்துக்குள் கடை கடையாகக் கணினிப் பாகங்கள் கிடைக்கும். விலை பேசவும் ஒப்பிடவும் வசதி. ஆனால் அது யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பாகம் ஒன்று பழுதானால் பார்சலில் அனுப்பி, மாற்றி, திரும்ப வரும்வரை கணினி கிடையில் கிடக்கும். யாழ் நகரக் கடையில் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கும்போது அந்தக் கூடுதல் காசு பக்கத்திலேயே கிடைக்கும் உத்தரவாதத்துக்குப் போகிறது. பழுதானால் அதிகம் திண்டாட வைக்கும் மதர்போர்டையும் பவர் சப்ளையையும் இங்கேயே வாங்கிவிட்டு, கேசிங், கீபோர்ட் போன்றவற்றை மலிவான இடத்தில் எடுக்கலாம். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் மாமாவிடம் கார்ட் கேட்பவர்கள், அதன் உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

விலையும் நிலையானதல்ல. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாக உயர்ந்தது. போன மாத விலைப்பட்டியலை வைத்துத் திட்டம் போடுபவர் பத்து வீதமாவது கையில் மிச்சம் வைத்திருப்பது நல்லது. கேசிங்கில் அழகுக்கு முன் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி முகப்பைவிட வலை முகப்பும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் வலிகாமத்துச் செம்மண் வீடுகளுக்கு ஏற்றவை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்த வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்துத் தட்ட வேண்டும்.

பூட்டி முடித்த அன்று செலவில்லாத மூன்று வேலைகள் மிச்சமிருக்கும். மொனிட்டர் வயரை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். பயாஸில் எக்ஸ்.எம்.பி என்ற தெரிவை இயக்காவிட்டால் 3200 வேகத்துக்கு வாங்கிய டி.டி.ஆர்4 ராம் பெரும்பாலும் 2133இலோ 2400இலோதான் ஓடும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரும் விண்டோஸ் அமைப்பில் மாற்றும்வரை 60இல் நின்றுவிடுவதுண்டு. இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டு, ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கமும் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பில்லைப் படமெடுத்துப் பத்திரப்படுத்திய பிறகு விளையாட்டைத் தரவிறக்கத் தொடங்கலாம்.