தீயணைப்பது வார்டன் வேலையில்லை

பழைய மகாபலிபுரம் சாலையில் பத்து மாடிக் கட்டிடம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். கீழே ஒரு வங்கி, ஒரு சாப்பாட்டுக் கடை. அதற்கு மேல் மாடிக்கொரு கம்பெனி. ஆறாவது மாடிக்காரருக்கு ஏழாவது மாடியில் யார் இருக்கிறார்கள் என்பது, லிஃப்டில் பார்த்த அடையாள அட்டைக் கயிற்றின் நிறம் வரைக்கும்தான் தெரியும். ஆனால் மாடிப்படியும் லிஃப்டும் மின்கம்பிகள் ஏறும் வழியும் அலாரமும் எல்லோருக்கும் பொது. அவசரம் வந்தால் இங்கே யார் யாருக்குப் பொறுப்பு? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. பொது இடங்கள், அலாரம், தண்ணீர்த் தொட்டி, பம்பு, தரைத்தளத்துக் கட்டுப்பாட்டு அறை எல்லாம் கட்டிட நிர்வாகத்தின் பாடு. நாம் 'ஃபெசிலிட்டி' என்று சொல்கிறோமே, அவர்கள். மாடிக்குள் இருக்கும் மனிதர்கள் அந்தந்தக் கம்பெனியின் பொறுப்பு. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் போகும் கட்டிடங்களை உயரக் கட்டிடம் என்கிறது. அங்கே மாடிதோறும் ஒரு ஃபயர் வார்டனும் துணை வார்டனும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுகிறது. துணை எதற்கு என்றால், வார்டனுக்கும் காய்ச்சல் வரும். அவரும் தீபாவளிக்கு ஊருக்குப் போவார். வார்டன் என்று தனியாக ஓர் உத்தியோகஸ்தர் கிடையாது. நம் பக்கத்து நாற்காலியில் கணக்குப் பார்க்கிறவரோ புரோகிராம் எழுதுகிறவரோதான் வார்டன்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் அடுத்து வருகிறது. ஃபயர் வார்டன் என்றதும் தீயை அணைக்கிறவர் என்று நினைத்துவிடுகிறோம். வார்டன் ஆனவரே அப்படித்தான் நினைக்கிறார். பயிற்சி நாள் அப்படி. கார் நிறுத்துமிடத்தில் தகரத் தட்டில் தீ மூட்டுவார்கள். பின்னைப் பிடுங்கு, தீயின் அடியைக் குறிவை, கைப்பிடியை அழுத்து, இப்படியும் அப்படியும் வீசு. ஆளுக்கொரு ஃபோட்டோ. அந்த ஃபோட்டோதான் மனதில் தங்குகிறது. அந்தச் சிவப்பு சிலிண்டரோ முழுசாக ஒரு நிமிடம்கூடப் பீய்ச்சாது. குப்பைக் கூடையில் பிடித்த தீக்கு அது போதும். அதைத் தாண்டிய தீயோடு வார்டன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், அவர் வேலையைச் செய்ய அந்த மாடியில் வேறு ஆள் இல்லை.

நம்மூர் பஸ் நடுவழியில் புகைந்து நின்றால் கண்டக்டர் என்ன செய்கிறார்? எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதில்லை. எல்லோரையும் இறக்குகிறார். கடைசி சீட்டில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்புகிறார். யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானும் இறங்குகிறார். வார்டன் வேலையும் அதுதான்.

அலாரம் அடித்ததும் மேசைகள் இருக்கும் பெரிய கூடம் சீக்கிரமே காலியாகிவிடும். வார்டன் போக வேண்டியது ஆள் கண்ணில் படாத இடங்களுக்கு: கழிப்பறை, கதவடைத்த மீட்டிங் அறை, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பேசும் சின்னக் கூண்டு, சர்வர் அறை, பேன்ட்ரி. பார்த்து முடித்த அறையின் கதவைச் சாத்த வேண்டும், பூட்டக் கூடாது. லிஃப்டை நோக்கிப் போகிறவர்களைப் படிக்கட்டுக்குத் திருப்ப வேண்டும். பிறகு கீழே வந்து, கட்டுப்பாட்டு அறையிலோ எல்லோரும் கூடும் இடத்திலோ ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "ஆறாம் மாடி காலி." அல்லது, "ஆறாம் மாடியில் கிழக்குக் கழிப்பறையைப் பார்க்க முடியவில்லை, புகை." இவ்வளவு பாடும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். 101-ஐ அழைத்ததும் வந்து சேரும் தீயணைப்பு வீரர்களுக்கு எங்கே முதலில் ஏறுவது என்று சொல்வது அதுதான்.

கதவைச் சாத்தச் சொல்வது புகைக்காக. பெங்களூருவில் கார்ல்டன் டவர்ஸ் என்று பல அலுவலகங்கள் பகிர்ந்திருந்த கட்டிடம். 2010 பிப்ரவரி 23 அன்று அங்கே தீப்பிடித்தபோது, மேல்மாடிகளில் இருந்தவர்களை வளைத்தது புகைதான். மூச்சு முட்டிச் சிலர் ஜன்னல் வழியே குதித்தார்கள். 9 பேர் இறந்தார்கள். படிக்கட்டுக் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும்படி அமைத்திருப்பதும் புகை படியேறக் கூடாது என்றுதான். காற்று வரட்டும் என்று அந்தக் கதவுக்குத் தீயணைப்பு சிலிண்டரையே முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கும் அலுவலகங்கள் உண்டு. ஒரே பொருளால் இரண்டு பாதுகாப்பையும் ஒழித்துக்கட்டுகிற சாமர்த்தியம்!

படியிறங்க முடியாதவர்கள் இருப்பார்கள்: முட்டி ஆபரேஷன் ஆனவர், நிறைமாதக்காரர், சக்கர நாற்காலியில் வருகிறவர். 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களில் இவர்கள் காத்திருக்கவென்றே வெளிக்காற்று படும் ஒதுக்கிடம் விட்டிருக்க வேண்டும். உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற இடமல்ல அது. அங்கே இன்னாரோடு இன்னார் போவது என்பதை வார்டன் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

பொதுக் கட்டிடத்தில் இன்னொரு சிக்கல், ஆள் கணக்கு. கம்பெனியின் வருகைப் பட்டியலில் கூட்டிப் பெருக்கும் அக்கா பெயர் இருக்காது; அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். இன்டர்வியூவுக்கு வந்த பையன், கூரியர்காரர் பெயரும் இருக்காது. கம்பெனி ஃபெசிலிட்டியை நினைத்துக்கொண்டிருக்கும், ஃபெசிலிட்டி கம்பெனியை. பட்டியலை மட்டும் நம்பாமல் இடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஒத்திகையையும் கட்டிடம் முழுக்கச் சேர்ந்து நடத்தினால்தான், எல்லா மாடியும் ஒரே நேரத்தில் இறங்கும்போது படிக்கட்டு எங்கே அடைக்கிறது என்று தெரியும். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கொரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கொரு முறை ஒத்திகை வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு.

நாளைக்கு அலுவலகம் போனதும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். வார்டன் என்று அதில் போட்டிருப்பவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தால், ஃபெசிலிட்டிக்கு ஒரு மெயில் போடுங்கள். வேறு யாரும் முன்வரவில்லை என்று பதில் வந்தால், உங்கள் பெயரையே கொடுத்துவிடுங்கள்.