பொம்மைக்கு ஏன் வியர்க்கிறது?

அம்மா சின்ன வயதில் விளையாடிய பாப்பா பொம்மையைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பீரோவில் பத்திரப்படுத்தியிருந்தும், இப்போது தொட்டால் பிசுபிசுக்கிறதே என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. வயிற்றில் சட்டையின் நூல் பிசிறுகள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றனவாம்.

வரலாறு இவ்வளவுதான்: 1870-இல் அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டில் முதலில் பொம்மைகள் வந்தன; எளிதில் தீப்பிடித்தன. 1926-இல் வால்டோ சீமன் பிவிசி என்ற விறைப்பான பிளாஸ்டிக்கை இளக்கக் கற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொம்மை ஆலைகள் அதற்கு மாறின.

இளக்குவது பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவம். மென்மையான பிவிசியின் எடையில் மூன்றிலொரு பங்குகூட இதுவாக இருக்கலாம். ஆனால் பிவிசியோடு வேதிப்பிணைப்பு கிடையாது. உள்ளே ஊறிக் கிடக்கிறது, அவ்வளவே. பஜ்ஜியைத் தினத்தாளில் வைத்தால் தாள் எண்ணெயை இழுக்கிறது; இழுக்க இழுக்க உள்ளிருந்து இன்னும் கசிகிறது. மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவிலோ, கசிந்தது மேலேயே நிற்கும். பாலித்தீன் பைதான் அந்தத் தினத்தாள். பருத்திச் சட்டை இன்னொரு தாள். தாளை மாற்றிக்கொண்டே இருந்தால் பஜ்ஜி வறண்டு கட்டையாகிவிடும். பொம்மையும் அப்படியே சுருங்கி விறைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். அந்த எண்ணெய் பிவிசிக்குக் காவலும்கூட. அது போகப் போக, பிவிசி ஹைட்ரஜன் குளோரைடை உதறிப் பழுப்பேறுகிறது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் இவோன் ஷாஷுவா இதை ஆராய்ந்து சொன்ன தீர்வு, எண்ணெயை உறிஞ்சாத மூடிய கண்ணாடிக் கலம். செல்லுலாய்டு பொம்மைக்கோ நேர்மாறு: அது விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அடைபட்டால் அதையே அரிக்கும்; காற்றோட்டம் வேண்டும். ஒரே அலமாரியில் இருவேறு பத்தியம்!

பிளாஸ்டிக் ஆயிரம் ஆண்டு அழியாது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். குப்பையாக எத்தனை காலம் கிடந்தாலும், பொம்மையாக ஐம்பது ஆண்டு தாங்குவதே பாடு.

வாசகிக்கு: பையை அகற்றுங்கள். சட்டையைக் கழற்றித் தனியே வையுங்கள். வெயில், உஷ்ணம் படாத இடத்தில், மூடிய கண்ணாடி ஜாடியில் பொம்மை இருக்கட்டும். ஸ்பிரிட், அசிட்டோன் தொடவே வேண்டாம். மிச்சமிருக்கும் எண்ணெயையும் கரைத்தெடுத்துவிடும். பவுடர் பூசினால் பிசுக்கு மறையும், கசிவு நிற்காது. பழைய மென்மையைத் திருப்பித் தருவதாக விற்கும் கிரீம்களை நம்பாதீர்கள். போன எண்ணெயை மேலே தடவி உள்ளே ஏற்ற முடியாது.