கடலை மறைக்கும் பாலம்!

கம்பெனி மறைந்துவிட்டது. ஆனால் அது செய்த கம்ப்யூட்டர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன!

அமெரிக்காவில் மேனார்டு என்று ஓர் ஊர். அங்கே ஒரு பழைய கம்பளி ஆலை. 1957-ல் அந்தக் கட்டிடத்தில் "டிஜிட்டல்" கம்பெனி பிறந்தது. அதன் கம்ப்யூட்டர்கள் உலகெங்கும் விலைபோயின. 1970-களில் அவை ஒன்றோடொன்று பேச "டெக்நெட்" என்ற பாஷையையும் அந்தக் கம்பெனி உண்டாக்கியது.

1998-ல் அதை வேறொரு கம்பெனி வாங்கியது. ஆனால் ஆசைக்காரர்கள் விடவில்லை! பழைய கம்ப்யூட்டர்களைத் தூசிதட்டி ஓட்டினார்கள். சுவீடன், அமெரிக்கா முதலிய நாடுகளில் இருப்பவற்றை இணைத்தார்கள். அந்த வலைக்கு "ஹெக்நெட்" என்று பெயர்.

எந்த வழி?

செய்தி போக இரண்டு வழி இருந்தால் எதில் போகும்?

ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண் உண்டு. அதற்குச் "செலவு" என்று பெயர். காசு அல்ல, வெறும் எண்தான். வேகமான வழிக்குச் சிறிய எண். மெதுவான வழிக்குப் பெரிய எண். கம்ப்யூட்டர் கூட்டிப் பார்க்கும். எது குறைவோ அதுவே வழி!

உதாரணமாக, நேர்வழிக்குச் செலவு 20. சுற்றுவழியில் மூன்று துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 4. மொத்தம் 12. செய்தி சுற்றுவழியில்தான் போகும்!

உறைக்குள் உறை

டெக்நெட் செய்தியை இன்டர்நெட் அப்படியே சுமக்காது. அதற்காகப் "பாலம்" என்ற புரோகிராம் எழுதினார்கள். வீட்டுக் கம்பியில் வரும் செய்தியை அது இன்டர்நெட் உறைக்குள் போடும். மறுபுறம் உள்ள பாலம் உறையைப் பிரித்து, அங்குள்ள கம்பியில் விடும்.

இங்கேதான் வேடிக்கை! சுவீடனில் உள்ள கம்ப்யூட்டரும் அமெரிக்காவில் உள்ள கம்ப்யூட்டரும் ஒரே கம்பியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நடுவில் கடல் இருப்பது அவற்றுக்குத் தெரியாது!

அதனால் வந்த வினை

ஒரே கம்பி என்றால் ஒரே செலவு. பக்கத்து அறைக்கும் அதே எண். கடல் கடந்த ஊருக்கும் அதே எண்! அடுத்த ஊருக்குப் போகவேண்டிய செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரலாம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. இரண்டு இடங்களைத் தெரியாமல் இரண்டு பாலங்களால் இணைத்துவிட்டால், ஒரே செய்தி செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வரும். வலை திணறிப்போகும்!

பரிகாரம் என்ன?

தூரத்து ஊர்களுக்குத் தனித்தனி இணைப்புப் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தூரத்துக்கும் வேகத்துக்கும் தக்கபடி தனி எண் கொடுக்கிறார்கள். அப்போது கம்ப்யூட்டருக்கு எது பக்கம், எது தூரம் என்று புரிகிறது.

கம்ப்யூட்டர் கூட்டல் தவறாது. ஆனால் எண்ணைக் கொடுப்பவன் மனிதன். அவன் பொய் எண் கொடுத்தால், செய்தியும் தப்பு வழியில்தான் போகும்!